அல்மாட்டி ஒன்றா, இரண்டா?

குன்னூர்
18.11.2025

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் மத்திய ஆசியா பற்றி நீங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் அதிபர்களும் இம்மாதம் 6-ஆம் தேதி வாஷிங்டனில் டிரம்ப்பைச் சந்தித்ததை ஒட்டி எழுதியிருந்தீர்கள். யுரேனியமும் எரிவாயுவும் அரிய கனிமங்களும் புதைந்து கிடக்கிற அந்த வட்டாரத்தில் இந்தியா பின்தங்கிவிடக் கூடாது என்கிறீர்கள். சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் மனத்தாங்கல் பக்கத்தில் போட்டிருந்த படத்தோடுதான். மும்பையில் புறப்பட்டு, ஈரானின் சாபஹார் துறைமுகத்தைத் தொட்டு, அங்கிருந்து ஒரே வளைவில் கஜகஸ்தானின் பெரிய நகரமான அல்மாட்டி வரை தடித்த சிவப்புக் கோடு போட்டு, முனையில் ஓர் அம்புக்குறியும் வைத்திருந்தீர்கள். பார்க்கிறவர்களுக்கு அங்கே நெடுஞ்சாலையே போட்டு முடித்தாயிற்று என்றுதான் தோன்றும்.

நான் குன்னூரில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பெனியில் 31 ஆண்டுகள் டாக்குமென்ட் பார்த்தவன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பைட்டோ (பயிர்நலச்) சான்றிதழ், பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் சரக்குச் சீட்டு என்று என் வாழ்நாளில் பாதி போனது. நீங்கள் ஒரே இழுப்பில் போட்ட கோட்டை நான் நாலு ஃபைல் கட்டி, மூன்று மொழியில் ரப்பர் ஸ்டாம்ப் வாங்கித் தொடர்ந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1984-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பதிவேட்டில் கஜகஸ்தான் என்ற பெயரே கிடையாது. எல்லாம் ‘ரஷ்யா’தான். சோவியத் யூனியன் ரூபாய்க் கணக்கில் வாங்கியது; டாலருக்கு அலைய வேண்டியதில்லை. இந்தியத் தேயிலையை உலகத்தில் அதிகம் வாங்கியது அவர்கள்தான். குன்னூர் ஏலத்தில் ‘ரஷ்யாக்காரன் இந்த வாரம் இருக்கானா?’ என்று கேட்டுவிட்டுத்தான் புரோக்கர்கள் வாயைத் திறப்பார்கள். பிளைவுட் பெட்டிகளில் ரஷ்ய எழுத்தை அச்சுத்தகடு வைத்து அடிக்கும் வேலைக்கென்றே எங்கள் கிடங்கில் ஒரு பெரியவர் இருந்தார். தமிழே எழுத்துக்கூட்டிப் படிப்பவர், ரஷ்ய எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்.

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்து அந்தக் கடை மூடியது. ஒரு வாடிக்கைக்காரர் போன இடத்தில் பதினைந்து பேர் நின்றார்கள், யார் கையிலும் காசு இல்லை. நீலகிரியில் அந்த அடி மெதுவாக இறங்கியது. பத்து வருடம் கழித்து பச்சை இலை கிலோ நாலு ரூபாய், ஐந்து ரூபாய் என்று விழுந்தபோது, ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள் இலை பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று செடியை அப்படியே விட்டார்கள். உலகச் சந்தை, உற்பத்திப் பெருக்கம் என்று காரணங்கள் பல. நாங்களும் ஒரு காரணம். அதை மறைக்க மாட்டேன். ‘ரஷ்யாவுக்கா? எதைப் போட்டாலும் போகும்’ என்று ஏலத்தில் மிச்சம் விழுந்ததையெல்லாம் கலந்து அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப் போன பெயர் திரும்பி வரப் பல வருடம் ஆயிற்று.

இனி அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன்.

2007-இல் அல்மாட்டிக்கு ஒரு கன்டெய்னர் சி.டி.சி. தேயிலை, அதாவது குருணைத் தேயிலை அனுப்பினோம், 11 டன். தூத்துக்குடியில் கப்பல் ஏற்றி, ஈரானின் பந்தர் அப்பாஸில் இறக்கி, அங்கிருந்து ரயிலில் மஷாத் வழியாக சரக்ஸ் எல்லைக்குப் போக வேண்டும். பிறகு துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் இரண்டையும் கடந்தால் கஜகஸ்தான். நாலு நாட்டுச் சுங்கம். சரக்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. ஈரான் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். எல்லைக்கு அந்தப் பக்கம் பழைய சோவியத் அகலம் 1,520. வித்தியாசம் 85 மில்லிமீட்டர், கையை வைத்துப் பார்த்தால் நாலு விரல். அந்த நாலு விரலுக்காகப் பெட்டியைத் தூக்கி வேறு வண்டியில் வைக்க வேண்டும். வேறு வண்டி வந்தால்!

எங்கள் பெட்டிக்கு வண்டி வந்தது, சீட்டு சரியில்லை. அந்தப் பக்கத்து ரயில்களுக்கு எஸ்.எம்.ஜி.எஸ். என்று ஒரு சரக்குச் சீட்டு உண்டு, ரஷ்ய எழுத்தில் நிரப்புவது. போய்ச்சேரும் நிலையம் என்ற கட்டத்தில் ‘அல்மாட்டி’ என்று எழுதியிருந்தது. அந்த ஊரில் அல்மாட்டி-1, அல்மாட்டி-2 என்று இரண்டு ஸ்டேஷன் உண்டாம். எந்த அல்மாட்டி என்று கேட்டு ஒரு ஃபேக்ஸ் வந்தது. ஒன்று என்று பதில் போட்டோம். திருத்தம் அனுப்பியவரின் முத்திரை தெளிவாக இல்லை என்று இன்னொரு ஃபேக்ஸ். பெட்டி ஒதுக்குத் தண்டவாளத்தில் 23 நாள் வெயிலில் நின்றது. மொத்தம் 71 நாள். தேயிலையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். எங்கள் சரக்கு டீசலை இழுத்துக்கொண்டது.

வாங்கியவர் பணத்தைப் பிடித்துவிட்டார். பேசித் தீர்க்க முதலாளி போக வேண்டியது. அவருக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. ‘ஃபைலைக் கரைத்துக் குடித்தவன் நீதான், நீயே போ’ என்றார். அப்படித்தான் 2008 மார்ச்சில் நான் அல்மாட்டிக்குப் போனேன். என் வாழ்க்கையில் ஒரே வெளிநாட்டுப் பயணம்.

தில்லியிலிருந்து மூன்று மணி நேரச் சொச்சம் விமானம். மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்க ஆகிறது, யோசித்துப் பாருங்கள். ஆகாய வழியில் அளந்தால் தில்லிக்குச் சென்னையைவிட உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட் பக்கம். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஊருக்குப் பின்னால் சுவர் எழுப்பியது போலப் பனிமலை. குன்னூர்க் குளிர் எனக்கு ஒன்றுமில்லை என்று ஸ்வெட்டர் ஒன்றோடு போயிருந்தேன். அந்த ஆணவம் விமான நிலைய வாசலிலேயே போயிற்று.

வாங்கியவர் ஒரு கசாக் அம்மா, அறுபது வயதிருக்கும். பச்சை பஜார் பக்கத்தில் கிடங்கு வைத்திருந்தார். அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆந்திரப் பையன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு. அந்த அம்மா முதலில் கணக்கே பேசவில்லை, தேநீர் ஊற்றினார். கசாக்குகளும் நம்மைப் போலப் பால் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள். பேரும் ‘ஷாய்’. காது இல்லாத கிண்ணம். அதில் கால் பங்குதான் ஊற்றினார். நான் மனத்துக்குள் ‘கஞ்சம்’ என்று நினைத்தேன். பையன் காதில் சொன்னான்: ‘நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம் அங்கிள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால்தான் மரியாதை.’ எட்டு கிண்ணம் குடித்தேன் என்று நினைவு.

அப்புறம் இரண்டு தட்டில் தேயிலையைக் கொட்டிக் காட்டினார். ஒன்று எங்களுடையது. இன்னொன்று கென்யா, குருணை குருணையாக, கறுப்பாக, ஒரே அளவில். ‘உங்களுடையதில் வாசனை நன்றாக இருக்கிறது’ என்றார். டீசலுக்கு முந்திய சாம்பிளைச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எங்கள் கஷ்டத்தை அவிழ்த்துவிட்டேன்: வழியில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரானுக்குத் தடை, தண்டவாளம் வேறு... அவர் கையமர்த்தினார். கென்யா இதைவிடத் தூரம்தானே என்று கேட்டார். அவரே தொடர்ந்தார்: ‘எனக்குத் தூரம் பிரச்சினை இல்லை. 40 நாள் என்றால் 40, 60 நாள் என்றால் 60, முன்கூட்டி வாங்கி அடுக்கிக்கொள்வேன். கென்யாச் சரக்கு தருகிறவன் ஒரு தேதி சொல்கிறான், அந்தத் தேதிக்கு வருகிறது. நீங்கள் நல்லவர்கள், ஆனால் உங்களிடம் தேதி இல்லை.’ பையன் மொழிபெயர்த்ததை நினைவிலிருந்து எழுதுகிறேன். வார்த்தை மாறியிருக்கலாம், விஷயம் இதுதான்.

பாதிப் பணம் தந்தார். அதுவே பெரிசு என்று முதலாளி சொன்னார். அந்த அம்மா சொன்னது மட்டும் பதினேழு வருடமாக என்னோடு இருக்கிறது. இந்த ஐந்து நாடுகளைப் பற்றி எந்தச் செய்தி படித்தாலும், இதில் தேதி எங்கே என்று என் கண் தேடுகிறது.

எரிவாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். துர்க்மெனிஸ்தானில் உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக நம் பஞ்சாப் எல்லைக்குக் குழாய் போடும் ‘தாப்பி’ திட்டத்தின் நீளம் சுமார் 1,800 கிலோமீட்டர். 2015 டிசம்பர் 13-இல் அடிக்கல் நாட்டினார்கள். நம் குடியரசுத் துணைத்தலைவர் ஹமீத் அன்சாரி நேரில் போயிருந்தார். இன்றுவரை ஒரு பொட்டு வாயு இந்தப் பக்கம் வரவில்லை. அதே துர்க்மெனிஸ்தானிலிருந்து உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் வழியாகச் சீன எல்லைக்கு ஒரு குழாய் போகிறது. அதன் நீளமும் கிட்டத்தட்ட அதே 1,800 சொச்சம். 2009 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். சீனாவுக்கு நடுவில் இருந்தவை இரண்டும் அமைதியான நாடுகள், நமக்கு நடுவில் இருப்பவை வேறு மாதிரி. இது நியாயமான சமாதானம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

எண்ணெய்க்கு அந்தச் சமாதானம் செல்லாது. காஸ்பியன் கடலில் கஜகஸ்தானுக்குச் சொந்தமான கஷகான் எண்ணெய் வயலில் ஓர் அமெரிக்க நிறுவனம் தன் 8.4 சதவீதப் பங்கை விற்க முன்வந்தது. நம் அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. விதேஷ் சுமார் 500 கோடி டாலருக்கு வாங்குவதாகப் பேசி முடித்தது. 2013 ஜூலையில் கஜகஸ்தான் அரசு, முதல் உரிமை எனக்குத்தான் என்று அந்தப் பங்கைத் தானே எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவுக்கு வந்தபோது ஏறக்குறைய அதே அளவு பங்கு சீன நிறுவனத்துக்குப் போயிற்று. பட்டுப்பாதையைப் புதுப்பிப்போம் என்று அவர் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேசியதும் அதே பயணத்தில்தான். 2005-லும் பெட்ரோகஜகஸ்தான் என்ற நிறுவனத்தை வாங்கப் போய் இதே சீன நிறுவனத்திடம்தான் தோற்றோம். பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலாகவே கையை நீட்டி வாங்கிக்கொள்கிறான். நாம் ஊரைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் பேரம் முடிந்துவிடுகிறது.

யுரேனியம் மட்டும் வந்தது. உலக உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம் கஜகஸ்தானுடையது. 2009 குடியரசு தினத்துக்கு அதிபர் நசர்பாயேவ் சிறப்பு விருந்தினராக வந்தபோது பேச்சு சூடு பிடித்தது. 2011-இல் மன்மோகன் சிங் அஸ்தானா போய் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டார். 2015 ஜூலையில் மோடி ஐந்து நாடுகளுக்கும் ஒரே சுற்றில் போனபோது 5,000 டன் யுரேனியத்துக்கு ஒப்பந்தமாயிற்று. கூடங்குளத்துக்கு இதுதான் வருகிறது என்று எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் சாதித்தார். அதற்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது, இது வேறு உலைகளுக்கு. அது இருக்கட்டும். யுரேனியம் ஏன் வந்தது, தேயிலை ஏன் போகவில்லை என்று ஒரு டாக்குமென்ட் கிளார்க்கைக் கேட்டால் சொல்வான். 100 டன் யுரேனியத் தூள் பத்துக் கன்டெய்னருக்குள் அடங்கிவிடும். விற்பதும் அரசு நிறுவனம், வாங்குவதும் அரசு நிறுவனம். எந்த அல்மாட்டி என்று கேட்டு யாரும் அதை வெயிலில் நிறுத்தி வைக்க மாட்டார்கள். நாம் அங்கே அதிகம் விற்பது மருந்து மாத்திரை. அதுவும் எடை கம்மி, விலை அதிகம், அவசரமென்றால் விமானத்தில் போட்டுவிடலாம். எடை அதிகமாகவும் விலை குறைவாகவும் உள்ள தேயிலைக்கும் துணிக்கும்தான் தண்டவாளமும் தேதியும் வேண்டும். அந்த ஐந்து நாடுகளோடு நமக்கு ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் வியாபாரம். சீனாவுக்கு 9,000 கோடிக்கு மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். 2010-க்குப் பிறகு ஈரான் பெயர் தெரிகிற எந்த பில் ஆஃப் லேடிங்கையும் எங்கள் வங்கி தொட மறுத்தது. என்ன செய்தோம் தெரியுமா? கொச்சியில் கப்பலேற்றி, மலாக்கா நீரிணை தாண்டி, சீனாவின் கிழக்குக் கரையில் லியான்யுன்காங் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து சீனா முழுவதையும் ரயிலில் கடந்து கஜகஸ்தானுக்கு அனுப்பினோம். நீலகிரித் தேயிலையைச் சீனா வழியாகச் சுற்றுலா கூட்டிப் போனோம். தூரம் எங்கேயோ, கூலி அதிகம், எல்லையில் தண்டவாளம் அங்கேயும் மாறும். ஆனால் 2014-இல் அனுப்பிய நாலு கன்டெய்னரும் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தன. அந்த அம்மா முழு விலை கொடுத்தார். நான் ஓய்வு பெற்றது அதற்கடுத்த வருடம்.

சாபஹாருக்கு வருகிறேன். நல்ல திட்டம் என்பதில் சந்தேகமில்லை. 2016-இல் மோடி தெஹ்ரானில் கையெழுத்திட்டார்; 2017-இல் ஆப்கானிஸ்தானுக்குக் கோதுமை போயிற்று; 2018 கடைசியில் நம் நிறுவனமே ஒரு முனையத்தை நடத்தத் தொடங்கியது; 2024 மே 13-இல் பத்து வருட ஒப்பந்தம். ஆனால் சாபஹாரிலிருந்து ஜஹேதான் வரையிலான ரயில் பாதை இன்னும் முடியவில்லை. அது முடிந்தால்தான் அந்தத் துறைமுகம் ஈரான் ரயில் வலையோடு சேரும். அதுவரை லாரிதான். அப்புறம் இந்த வருடம் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 26-இல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் பயங்கர வெடிவிபத்து, பல பத்துப் பேர் இறந்தார்கள். ஜூனில் இஸ்ரேல்-ஈரான் சண்டை பன்னிரண்டு நாள். ஈரான் மீதான தடையிலிருந்து சாபஹாருக்குத் தந்திருந்த விலக்கைச் செப்டம்பர் 29-இலிருந்து அமெரிக்கா எடுத்துவிட்டது. பிறகு பேசி ஆறு மாத அவகாசம் வாங்கியிருக்கிறோம். பத்து வருட ஒப்பந்தத்துக்கு ஆறு மாத உயிர். இந்த நிலையில் கோத்தகிரியில் ஒரு சின்ன ஏற்றுமதியாளர் எந்தத் தைரியத்தில் அந்த வழியாக 11 டன் அனுப்புவார்? எந்த இன்சூரன்ஸ்காரர் கையெழுத்துப் போடுவார்?

சரக்கை விடுங்கள், ஆளே போக முடியவில்லை. என் தங்கையின் பேத்தி கிர்கிஸ்தானில், பிஷ்கெக்கில் எம்.பி.பி.எஸ். நாலாம் வருடம். இங்கே தனியார் கல்லூரியில் சீட் வாங்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வக்கில்லை, அங்கே போனாள். அந்த நாட்டில் படிக்கும் இந்தியப் பிள்ளைகள் சுமார் 17,000 பேர் என்று அரசே சொன்னது. அதைவிடப் பெரிய ‘ஏற்றுமதி’ அந்த நாட்டுக்கு நம்மிடம் வேறு இல்லை. 2024 மே மாதம் வெளிநாட்டு மாணவர்களைத் தேடித் தேடி ஒரு கும்பல் அடித்த இரவில், ஹாஸ்டலில் கட்டிலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ‘தாத்தா, பாட்டிக்குச் சொல்லாதீங்க’ என்று எனக்குத்தான் முதலில் பேசினாள். வெளியே வர வேண்டாம் என்று நம் தூதரகம் அறிவித்தது. அது சரியான காரியம். அந்த இரவு என் தங்கையும் நானும் ஆளுக்கொரு அறையில், ஒருவருக்கொருவர் தெரியாது என்று நினைத்துக்கொண்டு விழித்திருந்தோம்.

அவள் வழக்கமாக தில்லியிலிருந்து அல்மாட்டிக்கு நேர் விமானத்தில் போய், அங்கிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் பிஷ்கெக் போவாள். இந்த ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியது. அதைச் சுற்றிப் போகத் தன் சின்ன விமானத்துக்கு எட்டாது என்று இண்டிகோ நிறுவனம் தில்லி-அல்மாட்டி, தில்லி-தாஷ்கண்ட் இரண்டு சேவையையும் நிறுத்திவிட்டது. லீவு முடிந்து ஷார்ஜா வழியாகப் போனாள். டிக்கெட் காசில் என் தங்கையின் வளையல் ஒன்று அடகுக்குப் போயிற்று. பாபர் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர் என்று இரு தரப்புத் தலைவர்களும் எல்லா மேடையிலும் மறக்காமல் சொல்கிறார்கள். அவர் குதிரையில் வந்த வழி இன்று குருவிக்கும் இல்லை.

ராஜதந்திரத்திலும் இதே கதைதான். ‘மத்திய ஆசியாவுடன் இணைவோம்’ என்று 2012-இல் ஒரு கொள்கை அறிவித்தோம். 2022 குடியரசு தினத்துக்கு ஐந்து அதிபர்களையும் அழைத்திருந்தோம். கொரோனாவால் அவர்கள் வரவில்லை, ஜனவரி 27-இல் காணொலியில் முதல் உச்சி மாநாடு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூடுவது என்று முடிவெடுத்தார்கள். அப்படியானால் இரண்டாவது 2024-இல் நடந்திருக்க வேண்டும். இந்த வருடம் ஜூனில் அமைச்சர்கள் தில்லியில் கூடி அரிய கனிமங்களைச் சேர்ந்து தேடுவோம் என்று அறிக்கை விட்டார்கள், மகிழ்ச்சி. அதே ஜூனில் ஷி அஸ்தானாவில் ஐந்து பேரையும் பார்த்தார், அக்டோபரில் புதின் தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயில் பார்த்தார், இப்போது டிரம்ப். நம் மாநாட்டுக்கு மட்டும் தேதி குறிக்கவில்லை. அரிய கனிமம் கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு ஏற்றுவது?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான் கிழவன் என்று நினைக்க வேண்டாம். டி.ஐ.ஆர். என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு சீட்டு, ஒரு சீல். வழியில் உள்ள நாட்டுச் சுங்கம் பெட்டியைத் திறக்காது, வரி கேட்காது. 2017-இல் இந்தியா அதில் சேர்ந்தது. ஈரான், துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் எல்லாம் ஏற்கெனவே உறுப்பினர்கள். குன்னூரில் எனக்குப் பின் வந்த தம்பிகள் ஏழெட்டுப் பேரைக் கேட்டேன். இரண்டு பேருக்குப் பெயர் தெரிந்திருந்தது, ஒருவரும் பயன்படுத்தியதில்லை. தேயிலை வாரியம் இங்கே ஒரு நாள் வகுப்பு வைத்தால்கூடப் போதும். ஈரான் வழியாகப் போகிற சின்னச் சரக்குக்கு, வழியில் முடங்கினால் நஷ்டத்தை ஏற்க அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் ஒரு தனிக் காப்பீடு போடலாம். சுமையைச் சிறு வியாபாரி தலையில் மட்டும் வைத்துவிட்டு ‘ஏன் அனுப்பவில்லை’ என்று கேட்பது நியாயமில்லை. ஒரு காலத்தில் மாஸ்கோவில் தேயிலை வாரியத்துக்கு அலுவலகம் இருந்தது. அதுபோல அல்மாட்டியில் ஒரு அறை, ரஷ்ய மொழி தெரிந்த ஒருவர், அந்த எஸ்.எம்.ஜி.எஸ். சீட்டைச் சரிபார்த்துக் கொடுக்க. அவ்வளவுதான். 2007-இல் அப்படி ஒருவர் இருந்திருந்தால் எங்கள் முதலாளிக்குப் பாதிப் பணம் போயிருக்காது. எனக்கு வெளிநாட்டுப் பயணம் கிடைத்திருக்காது, அது வேறு விஷயம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் படத்தைப் போடும்போது, மும்பையிலிருந்து சாபஹார் வரை சிவப்புக் கோடு இருக்கட்டும், கப்பல் உண்மையாகவே போகிறது. சாபஹாரிலிருந்து ஜஹேதான் வரை புள்ளிக்கோடாகப் போடுங்கள். சரக்ஸ் எல்லையில் ஒரு சின்ன வட்டம் போட்டு 1,435 - 1,520 என்று எழுதுங்கள். அம்பு முனையில் அல்மாட்டி-1 என்று அச்சாகட்டும். சரக்கு அங்கேதான் இறங்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாற்பதாண்டு வாசகன்,
ஓய்வுபெற்ற ஏற்றுமதி எழுத்தர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.